அலை போட்ட எழுத்து

குரேஸாரே, நில அளவை அலுவலகம்,
2004 ஜனவரி, வடமேற்குக் காற்று.
படகு இரண்டு நாளாய் இல்லை,
ஆகவே புது டிஸ்க்கும் இல்லை.

மேசைமேல் ஹெல்துரின் லேப்டாப்.
உள்ளே யாரோ நகம் கடிப்பதுபோல்
டிக்.
சற்றுப் பொறுத்து, டிக்.
பதினொரு வருடத்து எல்லைக்கற்கள் அதில்,
வேறெங்கும் பிரதி கிடையாது.
"எடுக்கணும் எடுக்கணும்னுதான் இருந்தேன்" என்கிறார்.
கைரித் பதில் சொல்லவில்லை.
எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

விண்டோஸை எழுப்பக் கூடாது.
எழுந்தால் எழுதும், எழுதினால் சாகும்.
ஃபிளாப்பியில் கிளம்பி, கேபிள் வழியே சர்வரை எட்டி,
இருப்பதை இருக்கிறபடி அள்ளிக் கொடுத்துவிட வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

முதல் ஃபிளாப்பி
நெட்வொர்க் கார்டே இல்லை என்றது.
கார்டு கண்ணெதிரே செருகியிருக்கிறது,
பச்சை விளக்குகூட எரிகிறது.
இரண்டாவது கார்டைக் கண்டுகொண்டு
நினைவகம் போதாது என்று நின்றது.
"எனக்கும்தான்" என்றார் ஹெல்துர்.
மூன்றாவது படிக்கவே வரவில்லை.
அதன் லேபிளில் யாரோ
'நல்லது' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார்கள்.

பத்து மணிக்குக் கறுப்பு ரொட்டி, புகையில் வாட்டிய தட்டைமீன்.
மீன் எண்ணெயைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு
நான்காவதைத் தானே கட்டினாள் கைரித்.
மௌஸை நீக்கினாள்.
உதவிக் குறிப்புகளை நீக்கினாள்
(அவை யாருக்கும் உதவியதாய் நினைவில்லை).
கிடைத்த இடத்தில் டிரைவரை
முழங்காலால் அமுக்கி மூடும் பெட்டிபோல் திணித்தாள்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து.
சர்வர் இருக்கிறாயா?
இருக்கிறேன்.
இருவரும் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்கள்.
அப்போது சொன்னது:
பாதை கிடைக்கவில்லை.

மறுபடி அடித்தாள். கிடைக்கவில்லை.
கேபிளை மாற்றினாள்.
கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாய், வாய்விட்டு.
கிடைக்கவில்லை.
டிக், என்றது லேப்டாப்.
இப்போது முன்னைவிட அடிக்கடி.

பன்னிரண்டரைக்குத்தான் பார்த்தாள்.
சர்வரில் அந்த ஃபோல்டரின் பெயர்
எஸ்தோனிய மொழியில் 'அளவுகள்'.
அந்தச் சொல்லின் நடுவே இருமுறை வரும் ஓர் எழுத்து:
ஒரு வட்டம், தலையில் சின்ன அலை.
தமிழ்க் காதுக்குச் சொல்வதென்றால்
காடு, வீடு என்று முடிக்கையில்
உதடு குவியாமல் நழுவும் அரை உகரம் இருக்கிறதே,
அதற்குப் பக்கத்து வீடு.
ஃபிளாப்பிக்குத் தெரிந்தது அமெரிக்க விசைகள் மட்டும்.
அலையை எங்கே போய்த் தேடும்?

இந்தத் தீவுக்காரர்களுக்கும் அந்த ஒலி வராது.
அலை இருக்கும் இடத்தில்
இரு புள்ளி வைத்த வேறொன்றைச் சொல்வார்கள்.
ஹெல்துர் பட்டாளத்தில் இருந்த இரண்டு வருடமும்
பெருநிலத்துப் பையன்கள் அவரை
அந்தச் சொற்களாகப் பொறுக்கிச் சொல்லச் சொன்னார்கள்.
வில்யாந்தியிலிருந்து வந்த கைரித்தும்
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சிரித்திருக்கிறாள்.
அது அவருக்குத் தெரியும்.
அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

திரையைத் தட்டிக்கொடுத்தார்.
"இதுவும் நம்ம ஊர்தான் போல."

அவள் எழுந்துபோய் சர்வரில் பெயரை அழித்து
வெறும் 'அ' போல ஓர் எழுத்து,
தலையில் ஒன்றுமில்லாமல், வைத்துவிட்டு வந்தாள்.
கிடைத்தது.

ஒரு சதவீதம்.
இரண்டு.
காற்று ஜன்னலை ஆட்டியது, யாரும் எழவில்லை.
நாற்பதில் ஹெல்துர் தூங்கிப்போனார்.
அறுபத்தொன்றில் நின்றது:
இந்தத் துண்டைப் படிக்க முடியவில்லை,
விட்டுவிடலாமா?

அவரை எழுப்பினாள்.
"யாருடைய நிலம் அது?"
"தெரியாது. திறந்து பார்க்கும்போதுதான் தெரியும்."
அவர் நெடுநேரம் பார்த்தார்,
ஏதோ பனிவயலை உற்றுப் பார்ப்பதுபோல்.
பிறகு பூட்ஸின் நாடாவைக் கட்ட ஆரம்பித்தார்,
விடிய இன்னும் ஏழு மணி நேரம் இருக்கையில்.

"விடு. எதுவானாலும்
நடந்துபோய் அளந்துக்கறேன்."

அவள் விசையை அழுத்தினாள்.
அறுபத்திரண்டு.